இயக்குபவரின் கவனக்குறைவு

கெங்கம்மாள் புதுவாயல் கூட்டு ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு கடையில் வழி கேட்டு, வரதனின் கடைக்கு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. ஜெராக்ஸ் மிஷின் விற்கிற, பழுது பார்த்துக் கொடுக்கிற கடை அது. வாசலில் பிரித்துப் போட்டிருந்த ஒரு மிஷினுக்கு முன்னால் மெக்கானிக் ரிஜ்வான் குந்தியிருந்தான். முழங்கை வரைக்கும் மிஷினில் போடுகிற கறுப்பு மை மாவு. அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாக்கா, இன்னா இவ்ளோ தூரம்?" என்றான்.

அவள் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"அந்தப் பின்னு எங்க பாய்?"

"எந்தப் பின்னு?"

"நான் மிஷினுக்குள்ள போட்டேனாமே, நீ வெளிய எடுத்தியாமே, அந்தப் பின்னு. எடுத்தவன் எங்கியாவது வெச்சிருப்ப இல்ல? காட்டு."

ரிஜ்வானுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது காது மடல் சூடேறியது.

கெங்கம்மாள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஆறு வருஷமாக ஆபீஸ் ஆயா. இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற ஆலை. எளாவூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம் அவளுக்கு. புருஷன் சடையப்பன் ஒன்றரை ஏக்கரில் நெல் வைக்கிறவன். ஏரியில் தண்ணீர் நின்றால் நெல், இல்லாவிட்டால் இல்லை. அதனால் வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். எட்டாவது வரைக்கும் படித்திருந்தாள். பெருக்கித் துடைக்கத்தான் காண்ட்ராக்டில் எடுத்தார்கள். 2005 ஆடியில் ஆபீசுக்கு ஜெராக்ஸ் மிஷின் வந்தபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஸ்டோர்ஸ் கிளார்க் அன்புராஜை நிறுத்தினார்கள். ரிஜ்வான்தான் காட்டிக் கொடுத்தான். அன்புராஜ் இரண்டு நாள் ஓட்டினான். மூன்றாம் நாளிலிருந்து காகிதத்தைக் கெங்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். துடைப்பத்தோடு நின்று பார்த்தே அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த மிஷின் அங்கே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆபீசில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது காப்பிக்கு மேல் வேலை கிடையாது. லாரிக்குக் கொடுக்கிற சலான், கேட் பாஸ், சம்பள வாரத்தில் கொஞ்சம் கூடுதல். மேஜைமேல் வைக்கிற சின்ன மிஷினே அதற்குத் தாராளம். முதல் முறை பார்க்கப் போன அன்றைக்கே ரிஜ்வான் அதைச் சொன்னான். மாவும் டிரம்மும் ஒரே பெட்டியில் வரும், தீர்ந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், எங்களைக் கூப்பிடவே வேண்டியிருக்காது என்று நிர்வாக அதிகாரி மணவாளனிடம் அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் வரதன் அவன் காலை மிதித்தார். மணவாளனுக்கும் சின்னது பிடிக்கவில்லை. சென்னை ஹெட் ஆபீசில் மார்பு உயரத்துக்கு ஒரு மிஷின் நிற்பதை அவர் பார்த்திருந்தார். நம்ம ஆபீசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டார்.

வெளிநாட்டில் எங்கேயோ ஓடிக் களைத்து, கப்பலில் வந்து இறங்கிய ஒரு பெரிய மிஷினைத் துடைத்து, புதுப் பெயர்ப் பட்டை ஒட்டி, நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து காப்பி என்று சொல்லி வரதன் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஆபீசின் ஒரு நாள் வேலையை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் சும்மா நிற்கிற மிஷின். திரும்பும்போது வண்டியில் ரிஜ்வானிடம், சின்னது விற்றால் வாங்கினவன் நம்மை மறந்துவிடுவான், பெரியது விற்றால்தான் வருஷம் முழுக்கத் தேடுவான் என்றார்.

மணவாளன் அறையில் ஏசி இருந்தது. ஆனால் மிஷினின் சத்தமும் சூடும் தனக்கு ஆகாது என்று, அதை வெளியே நடையில், சரக்கு ஏற்றுகிற கதவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் கம்பிக் கட்டுகள். லாரியில் தூக்கிப் போடும்போதெல்லாம் கம்பியிலிருந்து இரும்புச் செதில் உதிர்ந்து, பொடியாகி, காற்றோடு உள்ளே வரும்.

டிரம் என்பது மிஷினுக்குள் சுழல்கிற உருளை. அதில்தான் எழுத்து விழுந்து காகிதத்துக்கு மாறுகிறது. எண்பதாயிரம் காப்பிக்கு வர வேண்டிய டிரம், ஆறாவது மாசம், ஆறாயிரம் சொச்சத்திலேயே கீறல் விழுந்துபோனது. எந்தக் காகிதம் எடுத்தாலும் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. பராமரிப்பு ஒப்பந்தப்படி வரதன் புது டிரம் இலவசமாகப் போட்டுத் தர வேண்டும். கம்பெனி ஆள் தப்பாகக் கையாண்டு கெடுத்திருந்தால் மட்டும் தர வேண்டியதில்லை. வரதன் போனில், பின் விழுந்தது என்று எழுது என்றார். ரிஜ்வான் எழுதினான். 'ஸ்டேப்ளர் பின் உள்ளே விழுந்ததால் டிரம்மில் கீறல். இயக்குபவரின் கவனக்குறைவு.' இங்கிலீஷில் ஒன்றரை வரி. சோழவரத்திலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் எத்தனையோ ஆபீசில் அவன் கை எழுதிப் பழகியிருந்தது. அடுத்த டிரம் நாலு மாசம் வந்தது. மறுபடியும் அதையே எழுதினான்.

யாரும் படிக்கிற வரி இல்லை அது என்றுதான் நினைத்திருந்தான். இரண்டாவது டிரம்முக்கும் பில் போனதும் ஹெட் ஆபீசில் படித்துவிட்டார்கள். யார் அந்தக் கவனமில்லாத ஆள் என்று கேட்டு மணவாளனுக்குக் கடிதம் வந்தது. அவர் கெங்கம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாரும் பார்க்க, அந்த வரியை வாசித்து அர்த்தம் சொன்னார். தான் பின் எதையும் போடவில்லை என்றாள் அவள். மெக்கானிக் படித்தவன், பொய்யா எழுதுவான் என்று கேட்டார். மறுநாள் காலை கேட்டில் அவள் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் கடை வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள். அழவில்லை. குரலும் ஏறவில்லை. கூடைப் பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். உள்ளே முக்கால் டப்பாவுக்கு வளைந்த பின்கள்.

"எல்லாம் நான் கழட்டினது. காயிதம் கைக்கு வந்தா மொதல்ல பின்னக் கழட்டி இதுல போட்டுட்டுத்தான் மிஷின் மூடியத் தொறப்பேன். வேணும்னா எண்ணிக்கோ."

ரிஜ்வான் டப்பாவைத் தொடவில்லை. "அது சும்மா எழுதறதுக்கா. எல்லா ரிப்போர்ட்லயும் எழுதறதுதான். உன்னச் சொல்லி எழுதல."

"சும்மாவா?" என்றாள். "ஊர்ல இன்னா பேசிக்கினு இருக்கானுங்க தெரியுமா? லச்ச ரூபா மிஷின ஒடச்சிட்டு வந்தவன்னு. எங்க ஊட்டுக்காரரு, கை தவறி விழுந்திருக்கும், நல்லா யோசிச்சிப் பாருன்றாரு. நானும் ரெண்டு நாளு யோசிச்சேன் பாய். போட்டுட்டமோன்னு. நீ எழுதினத நம்பி என்னையே நான் சந்தேகப்பட்டேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு வரதன் உள்ளேயிருந்து வந்தார். இது கம்பெனிக்கும் ஆள் காண்ட்ராக்டருக்கும் உள்ள விஷயம், கடை வாசலில் நின்று பேஜாரு பண்ண வேண்டாம் என்றார். கெங்கம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எழுதினவனோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கூட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

ரிஜ்வானுக்கு முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது. நடு ரோட்டில் வந்து மானத்தை வாங்கிவிட்டாள் என்று. வேலையை விட்டு நிறுத்தினது மணவாளன். அவரைப் போய்க் கேட்காமல் என்னைக் கேட்கிறாளே என்று. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தான். இரண்டாவது டிரம் சென்னையிலிருந்து தாமதமாக வந்ததால், அதை மாட்ட அவன் போனதே அவள் நின்று ஒரு வாரம் கழித்து. அன்றைக்கு அவள் இல்லை. அக்கா எங்கே என்று அன்புராஜிடம் கேட்டான். லீவு என்றான் அன்புராஜ், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. ரிஜ்வான் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது அது நினைவுக்கு வந்தது. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது என்பதும் புரிந்தது. கோபம் மெல்லத் திசை மாறியது.

பத்து நாள் கழித்து அந்த மில்லிலிருந்து போன் வந்தது. மறுபடியும் கோடு. புது டிரம் போட்டு இருபத்திமூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ரிஜ்வான் போய் மிஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு காந்த உருளை உண்டு. மாவோடு கலந்திருக்கிற மெல்லிய இரும்புத் துகளைப் பிடித்து இழுத்து டிரம்மின்மேல் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. அந்த உருளை முழுக்கப் பூனை முதுகு மாதிரி மயிர் சிலிர்த்து நின்றது. துரு நிறத்தில், பளபளவென்று. கம்பிக் கட்டிலிருந்து வந்த தூசு. காந்தத்தைக் கண்ட இரும்பு வேறெங்கே போகும்? உருளை சுற்றச் சுற்ற அது டிரம்மை அறுத்திருந்தது.

இதை அவன் முந்தைய இரண்டு தடவையும் பார்த்திருந்தான். இவ்வளவு இல்லை, கொஞ்சம். அப்போதெல்லாம் புளோயரை வைத்து ஊதிவிட்டு மூடியிருந்தான். என்ன, எங்கிருந்து என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொண்டதில்லை. எழுத வேண்டிய வரி ஏற்கெனவே தயாராக இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அன்புராஜ் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். தாழ்ந்த குரலில் அவனாகவே சொன்னான். அக்கா இருந்தவரைக்கும் அந்தச் சரக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாளாம். அதற்காக லோடு ஆட்களோடு தினமும் சண்டை. சாயங்காலம் போகும்போது பழைய சேலையை நாலாக மடித்து மிஷின்மேல் போர்த்திவிட்டுப் போவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஈரத் துணியால் சுற்றிலும் துடைப்பாள். மிஷினை இடம் மாற்றுங்கள், தூசி அடிக்கிறது என்று மணவாளனிடம் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாளாம். பெருக்குகிறவள் யோசனை சொல்ல வந்துவிட்டாளா என்று அவர் விரட்டிவிட்டார்.

"இப்ப யாரும் கதவச் சாத்தறதில்ல பாய். போர்த்தறதும் இல்ல" என்றான் அன்புராஜ்.

ரிஜ்வான் ஸ்குரூ டிரைவரை உருளைமேல் வைத்து அந்தத் தூசியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வழித்தெடுத்தான். ஆறு மாசமும் நாலு மாசமும் அந்த டிரம்கள் தாக்குப்பிடித்ததே அவளால்தான். காப்பாற்றினவளைத்தான் கெடுத்தவள் என்று அவன் எழுதியிருந்தான். அதை வைத்து அவளை வெளியே அனுப்பினவர்கள் பத்தடி தூரத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டாமலே மணவாளன் அறைக்குள் போனான்.

"மறுபடியும் பின்னா?" என்றார் அவர், நிமிராமலே.

"இல்ல சார். இரும்புத் தூசி."

காகிதத்தை மேஜைமேல் வைத்து, அடியில் ஒரு காந்தத்தை நகர்த்திக் காட்டினான். தூசி எழுந்து நின்று காந்தத்தோடு நடந்தது. மணவாளன் சற்று நேரம் பார்த்தார். பிறகு, அந்தம்மா இருந்தபோதே விழுந்த பின் உள்ளேயே எங்கேயாவது சுற்றிக்கொண்டிருந்திருக்கும், அதுதான் இப்போது வேலையைக் காட்டியிருக்கிறது என்றார்.

ரிஜ்வான் பதினான்கு வருஷமாக வாடிக்கையாளர் எதிரில் குரலை உயர்த்தாதவன். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இந்த டிரம் நான் போட்டப்ப அந்தம்மா போயி ஒரு வாரம் ஆச்சு சார். சீல் பிரிச்சது நானு. உள்ள முழுக்க சுத்தம் பண்ணி மாட்டினதும் நானு. பின்னு இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

"அப்ப முன்னாடி ரெண்டு தடவ எழுதினது?"

"பொய் சார்."

மணவாளன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது. பின் வேண்டாம், கரண்ட் ஏறி இறங்கியது என்று எழுதிவிடு, யாருக்கும் தொல்லை இல்லை என்றார். தூசி என்று எழுதினால், மிஷினை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். அப்புறம் நாற்பது காப்பிக்கு இவ்வளவு பெரிய மிஷின் எதற்கு என்று கேட்பார்கள். "ஒரு ஆயாவுக்காக எல்லாத்தையும் கெளறணுமாப்பா?" என்றார்.

அதுவரைக்கும் கூட ரிஜ்வான் மனசு ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கும் குடும்பம் இருந்தது, வேலை வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்விதான் அறுத்துவிட்டது. மூன்று பிரதி விழுகிற ரிப்போர்ட் புத்தகத்தை அவர் மேஜைமேலேயே விரித்து வைத்து நின்றபடி எழுதினான். முதல் தடவையாகத் தமிழில். மிஷினுக்குள் பின் எதுவும் எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை. டிரம் கெட்டதற்குக் காரணம் சரக்குக் கதவு வழியாக வந்த இரும்புத் தூசி. மிஷினை வைத்த இடம் தவறு. இந்த ஆபீசின் தேவைக்கு இந்த மிஷினே தவறு. முந்தைய இரண்டு ரிப்போர்ட்டும் நான் பார்க்காததை எழுதியவை. கெங்கம்மாளுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை. கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டான்.

மணவாளன் கையெழுத்துப் போட மறுத்தார். வெள்ளைத் தாளை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு ரிஜ்வான் கிளம்பினான். ரோஸ் தாள் முதலாளிக்கு. புத்தகத்தில் தங்க வேண்டிய மஞ்சள் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலமே விசாரித்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனான். கெங்கம்மாள் நாற்றங்காலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் ஏறி வந்து, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். தேதி போடவில்லையே, போடு என்று திருப்பி நீட்டினாள்.

வரதன் ரோஸ் தாளைப் படித்து முடித்ததும் கத்துவார் என்று ரிஜ்வான் எதிர்பார்த்தான். அவர் சிரித்தார். "இத்தினி வருஷமா அந்த வரிலதான்டா உனக்கு சம்பளம் வந்துச்சு. தெரியாத மாதிரி பேசற." கடைச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ரிஜ்வான் தன்னுடைய ஸ்பானர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மஞ்சள் தாளோடு கெங்கம்மாள் முதலில் தன்னை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டரிடம் போனாள். கேண்டீனில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், வருகிறாயா என்றார் அவர். பாத்திரம் கழுவுவது கேவலம் இல்லை, மிஷினை உடைத்தவள் என்ற பேரோடு கழுவ மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே என்றான் சடையப்பன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் திருவள்ளூருக்குப் போய்த் தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்தாள்.

விசாரணைக்கு ரிஜ்வானையும் கூப்பிட்டிருந்தார்கள். மணவாளனும் காண்ட்ராக்டரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நாங்கள் அவரை நீக்கவே இல்லை, வேறு வேலைக்குத்தான் மாற்றினோம் என்று ஆரம்பித்தார் மணவாளன். அதிகாரி பேச்சு குறைந்த மனிதர். மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் படித்தார். பிறகு ரிஜ்வானைப் பார்த்து, பார்க்காத பின்னை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார்.

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன் சார்."

"அதனால யாருக்கு என்ன ஆகும்னு தோணலயா?"

"தோணல சார்."

வேறு ஏதாவது கேட்டுத் திட்டியிருந்தால் ரிஜ்வானுக்கு நன்றாக இருந்திருக்கும். அதிகாரி, மணவாளன் பக்கம் திரும்பி, மிஷின் இருக்கிற இடத்தைத் தானே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மணவாளன் அவசரமாக. வெளியே போய்ப் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்றார்.

ஒப்பந்தத்தை டைப் செய்து கொண்டுவந்து வைத்தார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கெங்கம்மாள் பேனாவை வாங்காமல், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மனிதாபிமான அடிப்படையில்னு போட்டிருக்கே, இது இன்னா சார்?"

அது வழக்கமாகப் போடுவதுதானம்மா, சும்மா ஒரு வார்த்தை என்றார் மணவாளன்.

"சும்மா ஒரு வார்த்தைலதான் நான் வெளிய போனேன்" என்றாள் கெங்கம்மாள். அதுவரைக்கும் அடங்கியிருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது. "தப்புப் பண்ணவளத்தான் மனசு எறங்கி மன்னிக்கணும். நான் இன்னா தப்புப் பண்ணேன்? பொய் எழுதினது இவரு. அத வெச்சிகினு என்னத் தொரத்தினது நீங்க. காசு மிச்சம் பண்ணது அந்தக் கடை மொதலாளி. கடைசில மனிதாபிமானம் எனக்கா? இத அடிச்சாத்தான் கையெழுத்து. இல்லன்னா நான் இப்படியே ஊட்டுக்குப் போறேன், வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

காண்ட்ராக்டர் எரிச்சலோடு மணியைப் பார்த்தார். மணவாளன், ஹெட் ஆபீசில் கேட்காமல் வார்த்தையை மாற்ற முடியாது என்றார். கேட்டுவிட்டு வாருங்கள் என்றார் அதிகாரி. முக்கால் மணி நேரம் ஆனது. கெங்கம்மாள் அந்த நேரம் முழுக்க நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தாள். புதிதாக டைப் செய்து வந்த தாளில், 'இயந்திரப் பழுதுக்கும் இவருக்கும் தொடர்பில்லை எனத் தெரிய வந்ததால் அதே பணியில்' என்று இருந்தது. அதையும் முழுக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

கும்மிடிப்பூண்டி பஸ்ஸுக்காக இரண்டு பேரும் ஒரே நிழலில் நிற்க வேண்டியிருந்தது. ரிஜ்வான், "மன்னிச்சுடுக்கா" என்றான்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீ எப்ப வந்தாலும் ஸ்பானரு வெக்க ஸ்டூல் எடுத்தாந்து போட்டேன். கை கழுவ தண்ணி மொண்டு குடுத்தேன். பக்கத்துலதான் பாய் நின்னுகினு இருந்தேன். இது ஏங்கா இப்டி ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, தூசின்னு நானே சொல்லியிருப்பேன்."

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள், அவன் பின்பக்கம் ஏறினான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். ஒரு மாசத்துக்குள் ஹெட் ஆபீஸ் பெரிய மிஷினைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டது. வேறு கடையில் சின்னதாக ஒன்று வாங்கினார்கள். தூசி படாத இடம் அந்த ஆபீசில் ஒன்றே ஒன்றுதான், மணவாளனின் அறை. அவர் மேஜைக்கு எதிர்ச்சுவரில் அதை வைத்தார்கள். கெங்கம்மாள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் வருகிறாள். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ரிஜ்வான் மூன்று மாசம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு பழைய வண்டியில் தனியாகச் சர்வீஸ் ஆரம்பித்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்கே மிஷினைத் தொடுகிற ஆள் யாரோ, அவரிடம்தான் முதலில் பேசுவான். அந்த மில்லிலிருந்து அவனைக் கூப்பிட்டதில்லை.

தை மாசம் ஒரு செய்தி வந்தது. மில்லிலிருந்து திரும்பி வந்த பெரிய மிஷினை வரதன் துடைத்து, பட்டை மாற்றி, கவரப்பேட்டை பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு விற்றிருக்கிறார், தவிட்டுத் தூசி பறக்கிற இடத்துக்கு. கேட்ட மறுநாளே ரிஜ்வான் அந்த ஆலைக்குப் போனான். தூசியில் இந்த மிஷின் நிற்காது என்று அவன் சொன்னதை ஆலைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போட்டிக் கடைக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று சிரித்தார். ரிஜ்வான் வாதாடவில்லை. இங்கே மிஷினை ஓட்டுவது யார் என்று கேட்டான். அஞ்சம்மாள் என்று ஒரு பெண்ணைக் காட்டினார்கள். எடை மேடைக்குப் பக்கத்தில் பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும், தான் எழுதினதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னான்.